மூடும் நாளுக்கு ஒரு பக்கம்

பாளையங்கோட்டை
மார்கழி 5

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ எழுதியிருந்ததில் பாதியை ஒப்புக்கொள்ளவும் மீதியை மறுக்கவும் வேண்டியிருந்தது. எது எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாவதற்கு இத்தனை நாள் பிடித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது வாசல் கோலத்தில் விட்டுப்போன புள்ளியைத் திண்ணையிலிருந்தே சுட்டிக்காட்டுகிறார். பையன் ஒன்பதாம் வகுப்பு. அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

"நானூறு பேர்கூட ஆடாத ஒரு விளையாட்டுக்காக நாங்கள் ஆயுள் முழுவதும் சர்வர் வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். விளையாட்டு நிறுவனத்தில், விளையாட்டை இணையம் வழியே இயக்கும் சர்வர் கணினிகளின் பக்கம் வேலை பார்க்கிறவன் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் உன்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 31 அன்று முடிந்த, சட்டம் கோரி மக்கள் கையெழுத்திடும் குடிமக்கள் முன்னெடுப்பில், தேவையான 10 லட்சத்தைத் தாண்டிக் கையெழுத்து விழுந்ததே, அந்த மனுவின் வாசகத்தை ஒருமுறை எடுத்துப் பார். விளையாட்டின் உரிமையைத் தா என்றோ, மூடிய பிறகும் அதற்குச் செலவு செய் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. போகும்போது, வாங்கியவர் கையிலுள்ள பிரதி உன் துணையில்லாமலும் ஓரளவு ஓடும்படி விட்டுவிட்டுப் போ என்பதே அவர்கள் கேட்பது.

அதற்குத் தூண்டுதலாக அமைந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய விளையாட்டு. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, அதில் ஒருவர் தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய கதையும் வைத்திருந்தார்கள். இருந்தும் சர்வரோடு பேசாமல் அது தொடங்காது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் தட்டாகிவிட்டது. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வளவு கூச்சல் எழுந்த பிறகு, அதே வரிசையில் வந்த மற்ற இரண்டு விளையாட்டுகளுக்கு இணைய இணைப்பில்லாமல் ஆடும் வசதி தரப்படும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஆகவே "முடியாது" என்ற பேச்சை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். 2013இல் வந்த, நகரம் கட்டும் விளையாட்டான 'சிம்சிட்டி'க்கும் இதே பேச்சு அடிபட்டது. கணக்கீட்டின் கணிசமான பகுதி சர்வரில்தான் நடக்கிறது, பிரிக்கவே முடியாது என்றார்கள். வெளியான வாரத்திலேயே சர்வர்கள் திணறி, வாங்கியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். ஓராண்டு கழித்து இணைப்பில்லாமல் ஆடும் முறை வந்து சேர்ந்தது.

நம் கதைக்கு வருகிறேன். கல்லூரிக்கு எதிரே இருந்த அந்த பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' 1.6 என்ற சுடும் விளையாட்டை ஆடினோமே, அந்தப் பத்துக் கணினிகளும் வெளியுலகை எதிர்பார்த்தா ஓடின? இணையம் பாதி நாள் வேலை செய்யாது. ஆட்டம் ஒருநாளும் நின்றதில்லை. யாராவது ஒருவர் தம் கணினியிலேயே சர்வரைத் தொடங்கிக்கொள்ள விளையாட்டுக்குள்ளேயே வழி இருந்தது. மற்றவர்கள் கட்டளை எழுதும் கன்சோலைத் திறந்து 'கனெக்ட்' என்று அடித்து, நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதினால் தீர்ந்தது. மூலைக் கணினிக்காரர் சிகரெட் பிடிக்கப் போனால் இன்னொருவர் சர்வராகிவிடுவார். அந்த டிஸ்க் எந்தத் தெருவில் என்ன விலைக்கு வாங்கியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை, உனக்கு நினைவிருக்கும். காசு கொடுத்து வாங்கியவனின் பிரதி செத்துப்போய், நாம் திருட்டுத்தனமாக வாங்கியது இன்றும் ஓடுகிறது என்பதுதான் இந்த விவகாரத்தில் என்னை மிகவும் உறுத்துகிறது.

அந்த ஏற்பாடு தற்செயலாக வாய்த்ததன்று. அதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1993 டிசம்பரில் 'டூம்' என்ற சுடும் விளையாட்டு வந்தபோது, விளையாட்டை இயக்கும் நிரல் ஒரு கோப்பிலும், படங்கள், ஒலிகள், அறைகளின் அமைப்பு எல்லாம் 'வாட்' என்ற வேறொரு கோப்பிலும் பிரிந்திருந்தன. பிறர் தங்கள் அறைகளைத் தாங்களே கட்டி உள்ளே செருகிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1997 டிசம்பரில், அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மேக், யாரும் படித்து மாற்றக்கூடிய மூலநிரலையே வெளியிட்டார். இங்கே ஒரு நுணுக்கம், உன் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்துவது. டாஸ் இயங்குதளத்துக்கான வடிவத்தின் ஒலிப் பகுதி வெளியாரிடம் உரிமம் பெற்று வாங்கிய நூலகம், அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு. அதைப் பிறருக்குக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் டாஸ் வடிவத்தை விட்டுவிட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கான வடிவத்தின் மூலநிரலைத்தான் கொடுக்க முடிந்தது. நீ உன் கடிதத்தில் முதல் தடையாகச் சொல்லியிருப்பதும் இதுவே: "எங்கள் சர்வரில் பாதி வாடகைச் சரக்கு, அதை எப்படி வெளியே விடுவது?" 1997இல் ஒரு நூலகத்தால் வந்த சிக்கல் இன்று முப்பது நூலகங்களாலும் நான்கு மேகச் (கிளவுட்) சேவைகளாலும் வருகிறது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது என்று மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது ஆடுகிறவன் இல்லையே.

இப்போது நான் மூன்று வாரம் யோசித்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். ஐப்பசியில் ஒரு நாள், எங்கள் தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சி காலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். கடையின் பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை. "உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை" என்ற ஒரே வரி. அதன் கீழே ஒரே பொத்தான், அதை அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்ளும். பதினோரு ஆண்டுக் கணக்கு உள்ளே இருந்தது. பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் உள்ளே இருந்தன. மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தரும் சில மருந்துகளின் விற்பனையைக் குறித்து மூன்று ஆண்டு வைத்திருந்தே ஆக வேண்டிய ஹெச்1 பதிவேட்டுக்குரிய விவரங்களும் உள்ளே. செய்துகொடுத்த நிறுவனத்தின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. பிறகு விசாரித்ததில், கடையைக் கட்டிக்கொண்டு போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இணையதள முகவரியைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் அது காலாவதியாகி, அதோடு உரிமச் சர்வரும் போய்விட்டது. அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, கம்ப்யூட்டர் என்னுது, கணக்கு என்னுது, கரண்டு பில் நான் கட்டுதேன். பொறவு யாருகிட்ட அனுமதி கேக்குது இது?"

பார்த்தால், வாரம் ஒருமுறை ஒரு முகவரிக்குப் போய் "இந்தக் கடை செல்லுமா?" என்று கேட்டு, "செல்லும்" என்ற பதில் வந்தால் திறக்கிற ஏற்பாடு. அந்தப் பதிலைக் கடையின் கணினியே சொல்லும்படி ஒரு சிறு நிரலை எழுதிவைத்தேன். ஒரு மணி நேர வேலை. கடை பத்தரைக்குத் திறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தது சட்டப்படி சரியா என்ற எண்ணம் வந்தது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மென்பொருளில் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைப்பதே சட்டமீறல். உள்ளே இருப்பது உன் பொருளாகவே இருந்தாலும். மூன்றாண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குகளைக் கேட்டுப் பெற வேண்டும். சர்வர் நின்றுபோன விளையாட்டைத் தன் கணினியிலேயே ஆடுவதற்காகச் சரிபார்ப்பைத் தாண்டலாம் என்ற சலுகை அப்படித்தான் 2015இல் கிடைத்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு வேறு மாதிரி. உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டைத் தாண்டினால்தான் குற்றம். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் தாண்டினால் குற்றமில்லை. நியாயமாக வாங்கியவர் அந்த நிரலை எதற்காக வாங்கினாரோ அதற்குப் பயன்படுத்த வேண்டிப் பிரதியோ மாற்றமோ செய்துகொள்ளலாம் என்று 52ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. நான் வக்கீல் அல்லன். உன் மைத்துனரிடம் காட்டிச் சரிபார். ஆனாலும் இதை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று எனக்குப் பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிறருக்காகப் பூட்டைத் தாண்டிக் கொடுக்கிறவர், யாருக்காகச் செய்கிறாரோ அவருடைய பெயர், முகவரி, காரியத்தின் நோக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பதினைந்து ஆண்டாகத் தினமும் பார்க்கிற மனிதரிடம் போய், ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டி, "அண்ணாச்சி, பெயரும் முகவரியும் எழுதுங்கள்" என்றேன். நோக்கம் என்ற இடத்தில் "கடை திறக்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இனி உறுத்தலைச் சொல்ல வேண்டும். அந்த "இந்தக் கடை செல்லுமா?" நிரலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதே போன்ற ஒன்றை, என் முதல் வேலையில், வேறொரு நிறுவனத்துக்காக, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மொத்தம் இருபது வரி வந்திருக்கும். சர்வர் "செல்லாது" என்று பதில் சொன்னால் என்ன செய்வது என்று எழுதினேன். பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில், நேரமில்லாமல், அதையும் "செல்லாது" கிளையிலேயே சேர்த்துவிட்டேன். மேலதிகாரி பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டது. திருடனையும் கதவு திறக்காத வீட்டுக்காரனையும் ஒரே கணக்கில் வைத்த அந்த ஒரு வரிக்கு எந்தக் கூட்டத்திலும் விவாதம் நடக்கவில்லை. அந்த நிறுவனமும் இன்று இல்லை. எத்தனை ஊரில் எத்தனை அண்ணாச்சிகள் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்களோ.

உன் மறுப்புகளைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கமும் நீ சொல்வதையே சொல்லியிருக்கிறது: தனியார் நடத்தும் சர்வரில் ஆடுகிறவரின் தரவுக்குப் பாதுகாப்பு இருக்காது, ஆபாசமோ வெறுப்போ பரவினால் பழி எங்கள்மேல் விழும், பல விளையாட்டுகள் அடித்தளத்திலிருந்தே இணையத்துக்காகக் கட்டப்பட்டவை, மாற்றப் போனால் செலவு கட்டுப்படியாகாது. முதல் இரண்டும் எனக்கு வலுவாகப் படவில்லை. கிரிக்கெட் மட்டை விற்றவன் எந்தத் திடலில் யார் சண்டை போட்டார்கள் என்று பதில் சொல்வதில்லை. மூன்றாவது உண்மை. பத்தாயிரம் பேர் ஒரே உலகத்தில் உலவும் விளையாட்டை மேசைக் கணினியில் அடக்கு என்று சொல்கிறவன் சர்வர் அறையைப் பார்த்ததில்லை என்றே நினைப்பேன். ஆகவே ஏற்கெனவே விற்றுவிட்ட விளையாட்டுகளின்மேல் புதிய கடமையைச் சுமத்தும் சட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இனி கட்டப்போவதற்குப் போடுவேன். 'நாக்அவுட் சிட்டி' 2023 ஜூனில் மூடியபோது, அதை உருவாக்கிய வெலன் ஸ்டூடியோஸ், ஆடுகிறவர்கள் தாங்களே சர்வரை நடத்திக்கொள்ளும்படி தனிப் பதிப்பு ஒன்றை விட்டுப் போனது. அவர்கள் ஒன்றும் பெருந்தனக்காரர்கள் அல்லர்.

கலிஃபோர்னியா இடைவழி ஒன்றைப் பிடித்தது. 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டுமே தருகிற டிஜிட்டல் சரக்கை "வாங்கு" என்ற சொல்லைப் போட்டு விற்க வேண்டுமானால், இது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இணைப்பில்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கிக்கொள்ளக் கூடியதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொத்தானின்மேல் உள்ள சொல்லைத் திருத்துவதால் விளையாட்டு பிழைக்காது. ஆனால் எதை வாங்குகிறோம் என்றாவது தெரியும்.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புதிய விளையாட்டுக்கு வடிவமைப்பு எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாய். அந்த ஆவணத்தில் "மூடும் நாள்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தைக் காலியாக விடு. எந்த நூலகத்தை வாடகைக்கு எடுத்தாலும், எந்த மேகச் சேவையோடு பிணைத்தாலும், அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுது: இது போனால் எது நிற்கும்? லாகின் சர்வரிடமிருந்து பதில் வராதபோது என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய். கடைசி வாரத்தில் அதற்கு நேரம் இருக்காது. உன் மேலாளர் செலவு கேட்பார். முதல் வாரத்தில் ஒரு பக்கம் காகிதம் என்று சொல்.

பையன் விஷயம். பரணை ஒழித்தபோது நம் பழைய டிஸ்க் கிடைத்தது. ஓரத்தில் உன் கையெழுத்து. பழைய மடிக்கணினியில் ஏற்றிச் சர்வரைத் தொடங்கி, அவனை 'டஸ்ட் 2' வரைபடத்தில் இறக்கிவிட்டேன். முதல் அரைமணி "படம் என்னப்பா இப்படிக் கட்டம் கட்டமாக இருக்கிறது?" என்று சிரித்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு பேரைக் கூட்டி வருகிறான். நீளப் பாதையின் கதவருகே நின்று என்னைச் சுட்டுத் தள்ளுகிறான். பொங்கலுக்கு நீ வருவாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வரும்போது உன்னிடமுள்ள, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் அந்த எட்டு வாசல் ஸ்விட்சைக் கொண்டு வா. என்னிடம் இருப்பதில் மூன்று வாசல் போய்விட்டது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்