மகளுக்கு, களரி தொடங்கும் முன்

களியக்காவிளை

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் பாதி நேரம் மழையிலும் சாப்பாட்டிலும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு நம் தெற்கத்திச் சண்டைக்கலையான அடிமுறையைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள், யாரைச் சேர்ப்பது, என்ன குணம் பார்ப்பது என்று கேட்டாய். சேர்ப்பதற்கு ஒன்றும் பார்க்காதே மக்களே. ஒல்லிப் பிள்ளை, தடித்த பிள்ளை, அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, எல்லாரும் வரட்டும். சுவடு, அதாவது காலடி முறை, வைக்க எல்லாருக்கும் இரண்டு கால் போதும். அவர்களில் யாரை அடுத்த படிக்குக் கொண்டுபோவது என்பதில்தான் நீ கண்ணை விரித்து வைத்திருக்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது, ஓங்கிய அடியைப் பாதியில் நிறுத்தத் தெரிகிறதா என்பதை. வேகமும் பலமும் பழகப் பழக வந்துவிடும், நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடும் இருந்தால் சீக்கிரமே வரும். நிறுத்துகிற குணம் அப்படி வராது. இப்போது நம் பயிற்சிக் களரியில் பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன் இருக்கிறான். கை வீசினால் காற்றில் சத்தம் கேட்கும், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவனையே பார்ப்பார்கள். அவனோடு இன்னொருவன், படிப்பிலும் சுமார், உடம்பும் சுமார். போன மாதம் எதிரெதிரே நின்று பழகும் கூட்டச்சுவடு நடக்கும்போது மண் ஈரமாக இருந்தது. இந்த இரண்டாமவன் காலை வீசிவிட்டான், எதிரே நின்ற சின்னப் பையன் அந்த நேரம் பார்த்து வழுக்கித் தலை தாழ்ந்தான். வீசிய கால் நேராகப் போயிருந்தால் காதோரம் பட்டிருக்கும். இவன் இடுப்பைத் திருப்பிக் காலைத் தரையில் இறக்கினான், தானே மல்லாந்து விழுந்தான். எழுந்ததும் தன் முதுகைத் தடவவில்லை. அந்தப் பையனின் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்து, "நோவுதாடே?" என்று கேட்டான். மறுநாள் அவன் கையில் நெடுவடியை, அந்த நீளக் கம்பை, கொடுத்தேன். சத்தக்காரன் இன்னும் வெறுங்கையில்தான் நிற்கிறான். அவன் அப்பா வந்து வருத்தப்பட்டார். நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கேரளத்தின் வடக்கே கண்ணூர், வடகரைப் பக்கத்துக் களரிகளில் வரிசை வேறு என்பது உனக்குத் தெரியும். அங்கே மெய்த்தாரியில் உடம்பை வளைத்து, பிறகு கம்பெடுக்கிற கோல்த்தாரி, பிறகு வாளும் சுருள்வாளான உறுமியும் வருகிற அங்கத்தாரி, கடைசியில்தான் வெறுங்கை. நமக்குத் தனியாகப் பழகும் ஒற்றைச்சுவட்டில் வெறுங்கைதான் ஆரம்பம். அவர்கள் பரசுராமரைச் சொல்வார்கள், நாம் அகத்தியரைச் சொல்வோம். 42 அடிக்கு 21 அடி குழி வெட்டி, கன்னிமூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்ற வழிபாட்டு மேடையைத் தொழுதுவிட்டு அவர்கள் இறங்குவார்கள். நமக்குத் தென்னந்தோப்பு நிழல் போதும். இப்படி எல்லாம் வேறாக இருந்தும், செய்ததையே திரும்பச் செய்யச் சலிக்காத பிள்ளையைத்தான் இரண்டு பக்கத்து ஆசான்மாரும் தேடுகிறார்கள். ஒரே சுவட்டை ஆறு மாதம் வைக்கச் சொல்லிப் பார். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அதே சுவட்டில் தினமும் ஏதோ ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்து, "அக்கா, குதிகால் இப்படித் திரும்பினால் இடுப்பு தானா வருது" என்று வந்து சொல்கிற ஒரு பிள்ளை இருக்கும். அதை விட்டுவிடாதே.

அடிபட்டால் ஆபத்தான உடம்பின் வர்மப் புள்ளிகளைக் காட்டுங்கள் என்று பெற்றோரே கேட்பார்கள் என்று சொன்னாய். கேட்பார்கள். போனில் வருகிற வீடியோவில் ஒருவர் விரலால் தொடுகிறார், இன்னொருவர் சுருண்டு விழுகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 108 வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்குச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். பிள்ளைகளுக்கு இடம் காட்டாதே. கூடவே இருந்து பன்னிரண்டு வருடம் குணம் பார்த்த பிறகே சொல்லிக்கொடு என்று பழையவர்கள் சொன்னது ரகசியத்தைப் பூட்டி வைப்பதற்கு அல்ல என்றே நான் நினைக்கிறேன். வர்ம ஏட்டைத் திறந்தால் அடிபடுகிற இடத்தோடு, எத்தனை நாழிகைக்குள் இளக்கி மீட்க வேண்டும், அதற்கு எந்த அடங்கல் புள்ளியைத் தட்ட வேண்டும், என்ன கஷாயம், என்ன எண்ணெய் என்பதும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பாதி தெரியாதவனுக்கு இந்தப் பாதியைக் கொடுக்கக் கூடாது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆசான்மார் வீட்டில் பேசுவது மலையாளம், வர்மப் பாட்டுச் சொல்வது தமிழில். தமிழ்நாடு, கேரளம் என்ற எல்லைக் கோடு 1956-ல் வந்தது, பாட்டு அதற்கு முன்பே இரண்டு பக்கமும் இருந்தது. அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தவர்களில் நான் பார்த்த நல்லவர்கள் எல்லாரும் முதலில் வைத்தியர்கள்.

அதனால் உன் பிள்ளைகளுக்கு அடியோடு சேர்த்துத் தடவலும் கற்றுக்கொடு. கணுக்கால் பிரண்டால் எப்படித் தாங்குவது, எண்ணெயைக் கையில் சூடுபறக்கத் தேய்த்து எந்தப் பக்கமாக வழிப்பது, இவ்வளவு போதும். எங்கே நிறுத்துவது என்பதும் இதில் அடக்கம். போன வாரம் ரப்பர் வெட்டப் போனவர் ஒருவர் பாறையில் விழுந்து, கையைத் தாங்கிக்கொண்டு வந்தார். தோளைத் தொட்டதுமே அந்த இடத்தின் சூடும் வீக்கமும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிடித்து இழுக்காமல், கையைத் துண்டால் கட்டி, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். எலும்பில் விரிசல் இருந்தது. கூட நின்ற பிள்ளைகள், ஆசான் ஏன் கை வைக்கவில்லை என்று கேட்டார்கள். கை வைக்காமல் விடுவதையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்திருந்தேன்.

பரிசு, பதக்கம் பற்றி எனக்கு எதிர்ப்பு இல்லை. களரிப்பயற்று மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டிக்குள் போய்விட்டது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். எத்தனையோ ஆசான்மார் வயிற்றைக் கட்டிக் காப்பாற்றிய கலை, பிள்ளைகள் மேடை ஏறட்டும். தோற்றுவிட்டு வந்து எதிரியின் அடி எப்படி விழுந்தது என்று ஆசையோடு விவரிக்கிற பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள். நடுவரைத் திட்டுகிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச காலம் சுவடு.

பெண்பிள்ளைகள் விஷயம் ஒன்று. வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்தப் பார்ப்பார்கள். நீயே ஒருமுறை போய் அந்த அம்மாவிடம் பேசு. வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குள் இறங்கியவர். எழுபது தாண்டியும் வாளும் கேடயமும் எடுத்தார், 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் வீட்டிலும் நடுவில் நிறுத்தியிருந்தால் இன்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

பயப்படுகிற பிள்ளையை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். பயம் இருக்கட்டும். பயம் உள்ளவன்தான் தூரம் பார்க்கிறான், எதிராளியின் தோள் அசைவதைப் பார்க்கிறான். மெய் முழுக்கக் கண்ணாக வேண்டும் என்று மலையாளத்து ஆசான்மார் சொல்வதற்கு அவன் பாதி வழி வந்துவிட்டான். பயமே இல்லாதவனைத்தான் நான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். ரோட்டில் ஒருவன் வம்புக்கு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பேன். "வண்டியை எடுத்துட்டு வந்துருவேன்" என்று யோசிக்காமல் சொல்கிற வரைக்கும் பூட்டும் பிடியும் அவனுக்குக் கிடையாது.

கம்பு அங்கே வாங்காதே, கடையில் கிடைப்பது கனம் சரியில்லை. பிள்ளைகளை வெறுங்காலில் சுவரோடு நிறுத்தி, தரையிலிருந்து நெற்றி வரைக்கும் அளந்து, பெயரோடு எழுதி அனுப்பு. இங்கே பிரம்பு வெட்டிக் காயவைத்து, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கர்க்கடக (ஆடி) மாதத்தில் நான்கு நாள் லீவு கிடைத்தால் வா. எண்ணெய் காய்ச்சப் போகிறேன், பக்குவத்தைக் கூட இருந்து பார்த்துக்கொண்டு, இரண்டு பாட்டிலும் எடுத்துப் போகலாம்.

அப்பா