பக்க எண் நிற்க மாட்டேன் என்கிறதா? ஆய்வேடு அச்சடிக்க வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் நம் தல்லாகுளம் கடையில் ஆய்வேடும் ப்ராஜெக்ட்டும்தான் வேலை. பென் டிரைவோடு வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, எல்லாம் முடிஞ்சிருச்சு. இந்தப் பேஜ் நம்பர் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது." நாலைந்து வருடம் உழைத்து எழுதிய ஆய்வு, கட்டுவதற்கு முந்தின இரவில் ஒரு எண்ணுக்காக நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்து சரிசெய்து தந்தால் அதற்கும் கூலி வாங்க வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்தால் பத்து நிமிடத்தில் நீங்களே முடித்துவிடலாம். அதற்குத்தான் இந்த மடல்.

ஆய்வேட்டில் பொதுவாகக் கேட்பது இதுதான். முகப்பில் எண் கூடாது. சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம் வரை சின்ன ரோமன் எழுத்து. முதல் இயலில் 1 தொடங்க வேண்டும். இதற்காகப் பலர் பொருளடக்கம் முடிந்ததும் கன்ட்ரோல், என்டர் தட்டிவிட்டு, அடுத்த பக்கத்து எண்ணை மாற்றிப் பார்க்கிறார்கள். உடனே முன்னால் இருந்த ரோமன் எண்ணும் சேர்ந்து மாறிவிடுகிறது. கன்ட்ரோல், என்டர் புதுப் பக்கத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். வேர்டு பக்க எண்ணைப் பக்கத்தோடு வைத்துக்கொள்வதில்லை, செக்ஷனோடு, அதாவது ஃபைலை நாம் பிரிக்கும் பகுதியோடு, வைத்துக்கொள்கிறது. தெருவுக்குத் தெரு கதவு எண் 1-இல் தொடங்குகிறது அல்லவா, அந்த மாதிரி. தெருவைப் பிரிக்காமல் கதவு எண்ணை மட்டும் புதிதாகத் தொடங்க முடியாது.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டும். முதல் இயலின் தலைப்புக்கு முன்னால் கர்சரை வைத்து, லேஅவுட், பிரேக்ஸ் போய், செக்ஷன் பிரேக்ஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள நெக்ஸ்ட் பேஜைத் தட்டுங்கள். 2007, 2010 வேர்டில் அது பேஜ் லேஅவுட் என்று இருக்கும். இனி அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு முறை கிளிக் செய்தால் ஃபுட்டர் திறக்கும். இடது ஓரத்தில் செக்ஷன் 2 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிரிந்துவிட்டது. வலது ஓரத்தில் சேம் ஆஸ் பிரீவியஸ் என்றும் இருக்கும். முன் செக்ஷனில் இருப்பதுதான் இங்கேயும் வரும் என்று அதற்கு அர்த்தம். மேலே லிங்க் டு பிரீவியஸ் பட்டனைத் தட்டினால் அது போய்விடும். இதை எப்போதும் பின்னால் உள்ள செக்ஷனில் நின்றுதான் செய்ய வேண்டும். பக்கத்தின் மேலே உள்ள ஹெடருக்குத் தனி, அடியில் உள்ள ஃபுட்டருக்குத் தனி. ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது.

எண்ணின் வடிவமும் தொடக்கமும் இந்த லிங்க்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல. எண்ணின் மேல் ரைட் கிளிக், ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ், அதில் 1, 2, 3 என்ற வடிவம், ஸ்டார்ட் அட் 1. போதும். ஒரு பகுதியில் எண்ணே வேண்டாம், அல்லது இயலின் பெயர் அடியில் வர வேண்டும் என்றால்தான் லிங்க்கை அறுப்பது கட்டாயம். அறுக்காமல் அழித்தால் முன்பக்கத்திலும் அழிந்துவிடும். கடைக்கு வரும் ஃபைல்களில் அதிகம் பார்ப்பது இந்தத் தவறுதான்.

முகப்புக்கு மட்டும் எண் வேண்டாம் என்றால் டிஃபரென்ட் ஃபர்ஸ்ட் பேஜ் டிக் போதும். ஆனால் அதன் பிறகு செக்ஷன் பிரித்தால் அந்த டிக் புது செக்ஷனுக்கும் போய்விடும். முதல் இயலின் முதல் பக்கத்தில் எண் காணோம் என்றால் காரணம் அது. அங்கே போய் டிக்கை எடுத்துவிடுங்கள்.

போன வருடம் ஒரு தம்பி கொண்டுவந்த ஃபைலைச் சொல்ல வேண்டும். 63-ஆம் பக்கம் வரை எல்லாம் சரி. 64-இல் ஓர் அகலமான அட்டவணை. அதைப் படுக்கைவாட்டில் வைக்க முன்னும் பின்னும் செக்ஷன் பிரேக் போட்டிருந்தார். அட்டவணைப் பக்கம் 1 ஆனது. அதற்கடுத்த பக்கமும் 1 ஆனது. ஒரு ராத்திரி முழுக்க எண்களைக் கையால் தட்டி ஒப்பேற்றிவிட்டு, காலையில் கண் சிவந்துபோய் வந்தார். நடந்தது இவ்வளவுதான்: ஒரு செக்ஷனை நடுவில் வெட்டினால் ஸ்டார்ட் அட் 1 என்ற கட்டளை ஒவ்வொரு துண்டுக்கும் போகிறது. அட்டவணையில் ஒரு முறை, அடுத்த பக்கத்தில் ஒரு முறை கர்சரை வைத்து, அதே ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ் பெட்டியில் கன்டினியூ ஃப்ரம் பிரீவியஸ் செக்ஷன் கொடுத்தோம். 64, 65 என்று வரிசையாக வந்துவிட்டது. கையால் தட்டிய எண்களை எடுப்பதற்குத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. தயவுசெய்து எண்ணைக் கையால் தட்டாதீர்கள். நடுவில் ஒரு பத்தி சேர்ந்தால் அத்தனையும் பிசகிவிடும். எண்ணை நடுவில் நிறுத்த ஸ்பேஸ், டாப் தட்டுவதும் வேண்டாம். கன்ட்ரோல், இ கொடுத்தால் படுக்கைப் பக்கத்திலும் நடுவிலேயே நிற்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாமினி எழுத்துருவில் தட்டிய ஆய்வேட்டில் ஐந்தாம் பக்கத்தில் "எ" என்றும் பத்தாம் பக்கத்தில் "ஒ" என்றும் வந்து நிற்கும். வைரஸ் என்று பயந்தவர்களும் உண்டு. பாமினியில் ஆங்கில வி சாவிக்கு எ, எக்ஸ் சாவிக்கு ஒ. ரோமன் எண்ணும் அந்த ஆங்கில எழுத்துகள்தானே. ஃபுட்டரில் எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 தட்டினால் செக்ஷன் பிரேக்குகள் கோடாகத் தெரியும். தெரிகிறதே என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அதற்கு முன்னால் உள்ள பகுதி, பின்னால் உள்ள பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். ரோமன் எண்கள் காணாமல் போவது இப்படித்தான். போய்விட்டால் பதறாமல் உடனே கன்ட்ரோல், இசட்.

எல்லாம் நின்றபின் பொருளடக்கத்தில் ரைட் கிளிக் செய்து அப்டேட் ஃபீல்டு கொடுங்கள். அப்புறம் பிடிஎஃப் ஆகச் சேமித்து, வேர்டு ஃபைலையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். உங்கள் எழுத்துரு எங்கள் கணினியில் இல்லையென்றால் வரிகள் நகர்ந்து எண் மாறிவிடும். பிடிஎஃப்பில் அந்தப் பயம் இல்லை. பேப்பர் அளவு ஏ4 தானா என்றும் ஒரு முறை பாருங்கள். "5-ஆம் பக்கம் மட்டும் மறுபடி அடிங்க" என்று போனில் சொல்லும்போது, ரோமன் ஐந்தா, இயலில் உள்ள ஐந்தா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் கடை இருக்காது. தெருவில் வண்டியும் வர முடியாது. அந்த வாரத்தில் ஒப்படைக்க வேண்டியவர்கள் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். இவ்வளவும் செய்து பார்த்தும் எண் நிற்கவில்லை என்றால் ஃபைலோடு காலை நேரத்தில் வாருங்கள். கூட்டம் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தருகிறோம். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
டைப்பிங், பிரின்ட், பைண்டிங் கடை
தல்லாகுளம், மதுரை