வாத்துமுட்டையைக் கோழிமுட்டை மாதிரி கையாளாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூலச்சூட்டுக்கு நல்லது என்று வாத்துமுட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கும் பழக்கம் நம்மவரை இன்னும் விட்டபாடில்லை. காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை போல வெந்நீரில் போட்டெடுத்து, சோயாவும் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிடுவோரும் உண்டு. வாத்துமுட்டையில் இது கூடவே கூடாது. வெள்ளையும் கருவும் கெட்டியாகும்வரை வெந்தாக வேண்டும்.

வாத்து ஈரத்தில் புரளும் பறவை. சேறும் எச்சமும் கலந்த தரையிலேயே முட்டையை விட்டுவிட்டு நடையைக் கட்டிவிடும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஈரம் பட்டால், வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி அவற்றின் வழியே உள்ளே போகும். வாத்தின் உடம்பிலேயே கிருமி இருந்தால், முட்டை உருவாகும்போதே உள்ளே சேர்ந்துவிடவும் கூடும். பிறகு ஓட்டை எவ்வளவு துடைத்தும் பயனில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் விளையாட வேண்டாம்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாத்து வளர்க்க முடியாது. தரைவீட்டில் வளர்க்க நினைப்பவர்கள், கூண்டு கட்டுவதற்கு முன்பே அரசின் விலங்குநல மருத்துவச் சேவையின் நிபந்தனைகளைப் பார்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்தையும் யோசியுங்கள்: தொண்டை கிழியக் கத்துவது பெட்டைதான், ஆண் வாத்துக்குக் கரகரத்த குரல் மட்டுமே. முட்டைக்கு ஆண் தேவையும் இல்லை. ஜொகூரில் உறவினர் வீட்டில் வாத்து நிற்கிறது என்பவர்களுக்கும் இனி சொல்வது பொருந்தும்.

காக்கி கேம்பல், இந்தியன் ரன்னர் இனங்கள் 5, 6 மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். பெக்கினும் மஸ்கோவியும் இன்னும் தாமதிக்கும். வாத்து பெரும்பாலும் விடிவதற்கு முன்போ, விடிந்த சிறிது நேரத்திலோ முட்டையிட்டுவிடும். இங்கே சூரியன் உதிப்பதே ஏறக்குறைய 7 மணிக்கு. ஆகவே 9 மணிவரை கொட்டகையிலேயே அடைத்து வையுங்கள். அதற்கு முன்பே திறந்துவிட்டால் முட்டை வேலியோரத்திலும் சாக்கடையிலும்தான் கிடக்கும். 40 செ.மீ. சதுரப் பெட்டியைத் தரையிலேயே வைத்து, காய்ந்த வைக்கோலோ மரச்சுருளோ போட்டு, ஓர் ஓரத்தில் போலி முட்டையாகக் கோல்ஃப் பந்தொன்றை வைத்தால் பெட்டை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியைப் பெட்டியிலிருந்து தள்ளியே வையுங்கள். அலகை முக்கிய வாத்து நேரே பெட்டிக்குள் போய் வைக்கோலை நனைத்துவிடும். பாதி அழுக்கு முட்டைக்குக் காரணம் அதுதான்.

முதல் சில முட்டைகள் சிறுத்தும் இரட்டைக்கருவாகவும் வரும், ஓடே இல்லாத தோல்முட்டையாகவும் வரும். அதற்குப் பதற வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தோல்முட்டையே வந்தால் தீனியைப் பாருங்கள். சோறும் ரொட்டியும் மட்டும் போட்டால் ஓடு கட்டாது. புரதம் 16 முதல் 18 விழுக்காடு உள்ள முட்டைக்கோழித் தீனி வேண்டும். நொறுக்கிய கிளிஞ்சலைத் தனித்தட்டில் வையுங்கள், தேவைப்பட்ட பெட்டை தானே எடுத்துக்கொள்ளும். தீனி சரியாக இருந்தும் ஓடு மெலிந்தால் வெயிலைச் சந்தேகியுங்கள். வாத்துக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓடாகும் கார்பனேட்டுக்கு மூலப்பொருளே அந்த வாயுதான். நிழலும், தலை முழுவதும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீரும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். வாலைத் தொங்கவிட்டு முக்கிக்கொண்டே நிற்கும் பெட்டைக்கு முட்டை சிக்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

எடுத்த முட்டையில் லேசான அழுக்கென்றால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையைவிடச் சூடான, கை பொறுக்கும் நீரில் சட்டென்று கழுவி, துடைத்து, உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குழாயின் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, வெளி அழுக்கைத் துளை வழியே இழுத்துக்கொள்ளும். ஊறவைப்பது அதைவிட மோசம். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதை மட்டுமே சொல்லும், கிருமியைச் சொல்லாது.

சமையலில், 70 கிராம் முட்டையைக் கொதிக்கும் நீரில் 12 நிமிடம் விடுங்கள். ஆம்லெட்டுக்கும் பொடிமாசுக்கும் தணல் குறைவாகவே இருக்கட்டும். பெருந்தீயில் வெள்ளை ரப்பராகிவிடும். கவிச்சி பிடிக்காதவர்கள் சின்ன வெங்காயத்தையும் மிளகையும் தாராளமாகப் போடலாம். கேக்குக்கு மூன்று கோழிமுட்டைக்குப் பதில் இரண்டு வாத்துமுட்டை போதும். வெள்ளை நுரைக்கத் தாமதித்தால் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

என்னைக் கேட்டால், வாத்துமுட்டைக்கு உப்பில் ஊறுவதைவிடச் சிறந்த கதி இல்லை. ஒரு வாரத்துக்குள் இட்ட 12 முட்டைகளை எடுத்து, இரண்டிரண்டாக மெல்லத் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 400 கிராம் கல்லுப்பைக் கொதிக்கவிட்டுக் கரைத்து, முழுக்க ஆறவிட வேண்டும். கண்ணாடி ஜாடியில் முட்டைகளை அடுக்கி, உப்புநீரை ஊற்றுங்கள். முட்டைகள் மிதக்கும். நீர் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் பையை மேலே வைத்து அமுக்காவிட்டால் வெளியே நிற்கும் பக்கம் உப்பேறாது. மூடி, நிழலில் வையுங்கள். 21ஆம் நாள் ஒன்றை வேகவைத்து வெட்டிப் பாருங்கள். கருவின் நடுவில் மஞ்சள் இன்னும் வெளிறித் தெரிந்தால் மேலும் ஒரு வாரம் விடுங்கள். உப்பு கருவின் நீரை வெளியே இழுக்க இழுக்கத்தான் அது ஆரஞ்சு நிறத்தில் இறுகி, எண்ணெய் கசியும். அதற்கும் மேல் விட்டால் வெள்ளை வாயில் வைக்க முடியாத உப்பாகிவிடும். நீர் கலங்கி நாறினால் உள்ளே ஒரு முட்டை உடைந்திருக்கிறது. மொத்த ஜாடியையும் கொட்டிவிடுங்கள்.

பக்குவம் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்து, வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பயன்படுத்திய உப்புநீரில் அடுத்த தொகுதியைப் போடாதீர்கள். கஞ்சிக்குப் பாதி முட்டை தாராளம். உப்பு ஒருபுறம் இருக்க, ஒரு வாத்துமுட்டையில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் கொழுப்புச்சத்து, அதாவது கொலஸ்ட்ரால், இருக்கிறது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் வெள்ளையை ஒதுக்கிவிட்டுக் கருவில் சிறு துண்டு மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்