புள்ளி போனால் பெயர் மாறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைஜீரிய எழுத்தாளரைப் பற்றிய உங்கள் குறிப்பில் 'வொலே சோயிங்கா' என்று போட்டிருந்தீர்கள். 1986-ல் இலக்கிய நோபல் வாங்கியவர், பெயரையாவது சரியாகப் போடலாமே! நைஜீரியாவில் பேசப்படும் அவருடைய தாய்மொழியான யொருபாவில் 'எஸ்' எழுத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் அது 'ஷ', ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தப் புள்ளியை விழுங்கிவிடுவதால் நாமும் தடுமாறுகிறோம். அவர் ஷோயிங்கா. 'வொலே' என்பதும் சுருக்கம்தான், ஒலுவொலே என்றால் 'இறைவன் வீட்டுக்குள் வந்தார்'. அவருடைய இன்னொரு பெயரான பாபதுண்டேவுக்கு 'அப்பா திரும்பி வந்துவிட்டார்' என்று பொருள். தாத்தா இறந்த பிறகு பிறக்கும் ஆண் குழந்தைக்கு வைப்பது, பாட்டி என்றால் பெண் குழந்தைக்கு யெதுண்டே.

எனக்கு ரொம்பப் பிடித்தது யொருபா மக்கள் இரட்டையருக்கு வைக்கும் பெயர்கள். முதலில் வெளியே வருவது தாய்வோ, பின்னால் வருவது கெஹிந்தே, ஆணோ பெண்ணோ இதே பெயர்கள்தான். ஆனால் மூத்தது கெஹிந்தேதானாம், ஏனென்றால் 'உலகம் எப்படி இருக்கிறது, போய் ருசி பார்த்துவிட்டு வா' என்று தாய்வோவை முன்னால் அனுப்பியதே அதுதான் என்பது நம்பிக்கை. அடுத்துப் பிறப்பது இதோவு. வீட்டில் ஒரு இதோவு இருந்தால் மேலே இரட்டையர் உண்டென்று கேட்காமலே தெரிந்துவிடும்.

அப்புறம் நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி. தன் குடும்பப் பெயரில் இருந்த 'ரான்சம்' அடிமைப் பெயர் என்று 1970-களில் அதை உதறிவிட்டு 'அனிகுலாபோ' என்று வைத்துக்கொண்டார். சாவைத் தன் பையில் போட்டு வைத்திருப்பவன் என்று அர்த்தம். என்ன துணிச்சல்!

அடுத்த முறை குறிப்பு எழுதும்போது பெயரின் பொருளையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை