‘போயிட்டு வாங்க’ என்று சொல்ல விடுங்கள்: சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். நான் திருவல்லிக்கேணிக்காரன். மேட்ச் நாளில் எங்கள் வீட்டுக்கு டிவியை முந்திக்கொண்டு சேப்பாக்கம் மைதானத்தின் சத்தம் வந்துவிடும். டிவியில் பவுலர் அப்போதுதான் ஓடிவந்துகொண்டிருப்பார். அதற்குள் ஜன்னல் வழியாக ‘ஓ’வென்று எழும். அது சிக்ஸரா விக்கெட்டா என்று அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். எழுபதைத் தாண்டிய பிறகு அவருக்கு அதில் ஒரு பெருமை.

2025 நவம்பர் 15 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள் செய்ததுதான். ஐபிஎல் வீரர் மாற்றத்தில் ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்கு, பதிலுக்கு சஞ்சு சாம்சன் இங்கே. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடி ஆனது. அன்று சனிக்கிழமை. அம்மா டிவியின் அடியில் ஓடிய வரியை மூக்குக்கண்ணாடி இல்லாமல் பாதி படித்துவிட்டு, மீதியை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சொல்லிக்கிட்டுப் போனானா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்த மடல்.

அம்மாவுக்கு ஜடேஜா மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம் உண்டு. அம்மா பிறவியிலேயே இடதுகைப் பழக்கம் உள்ளவர். பள்ளிக்கூடத்தில் ‘நொட்டாங்கை’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இடதுகையால் எழுதினால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடி. வீட்டில் யாருக்காவது காப்பி டம்ளரை இடதுகையால் நீட்டினால் பாட்டி கையைத் தட்டிவிடுவாராம். இன்று அம்மா வலதுகையால்தான் எழுதுகிறார், வலதுகையால்தான் பரிமாறுகிறார். ஆனால் தோசையைத் திருப்புவதும் தேங்காய் உடைப்பதும் இன்னும் இடதுகைதான். அங்கே யாரும் வந்து அடிக்க முடியாது. பாயிண்டில் நிற்கும் ஜடேஜா பாய்ந்து பந்தை எடுத்து, நிமிராமல்கூட இடதுகையால் ஸ்டம்பைத் தெறிக்கவிடுவதை முதன்முதலில் பார்த்தபோது அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “இந்தக் கையை யாரும் அடிக்கலை பாரு.” ஐம்பது அடித்துவிட்டு அவர் பேட்டை வாள் மாதிரி சுழற்றினால், அம்மா கையில் இருக்கும் கரண்டியும் ஒரு சுற்று சுற்றும்.

இதையெல்லாம் உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், கணக்கில் ஒரு ஆல்ரவுண்டரைக் கொடுத்து ஒரு தொடக்க ஆட்டக்காரரை வாங்கினீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கணக்கில் வராது.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாபோடு மதிய ஆட்டம். நான் மைதானத்தில் இருந்தேன், அம்மா வீட்டில். கடைசி ஓவரில் ஜடேஜா அவுட் ஆனார். எழுந்து நின்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவரும் கத்தினார், பின்னால் இருந்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். எல்லோரும் தோனி வருவதற்காகத்தான் கத்தினோம். அவரும் வந்து கடைசி இரண்டு பந்தையும் சிக்ஸருக்கு அனுப்பினார். ஆட்டத்தில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகம் சரியில்லை. “அவ்வளவு சத்தம் வந்துச்சு. ஜட்டு சிக்ஸர் அடிச்சுட்டான்னு நினைச்சேன். டிவியில பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்து வரான். எதுக்குடா கத்துனீங்க?” என்று கேட்டார்.

சத்தத்தை வைத்து எதையும் சொல்லிவிடுகிற அம்மா ஏமாந்தது அன்றைக்குத்தான்.

நம்ம ஊர்க்காரன் அவுட் ஆகும்போது நம்ம ஊரே கைதட்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அந்த சீசன் முழுக்கச் சேப்பாக்கத்தில் அதுதான் நடந்தது. தான் மேலே வந்து ஆடினால் கூட்டம் தான் அவுட் ஆவதற்காகக் காத்திருக்கும் என்று ஜடேஜாவே வெளிப்படையாகச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் தன் சொந்த மைதானத்தில் அந்த வரவேற்பைத் தாங்கிக்கொண்டு, அதே சீசனில், மே 29 அன்று தொடங்கிய இறுதி ஆட்டம் மழையால் மறுநாள் அதிகாலைக்கு நீண்டபோது, 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்ட இடத்தில் குஜராத்தின் மோகித் சர்மாவை நேராக ஒரு சிக்ஸர், அடுத்து ஃபைன் லெக் பக்கம் ஒரு ஃபோர் என்று முடித்துவைத்தார். தோனி அவரைத் தூக்கிய படம் இன்றைக்கும் எத்தனையோ கடைச் சுவரில் இருக்கிறது. அதற்கு முந்தின மாதம் நாங்கள் கத்தியதற்கு அவர் கொடுத்த பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் இந்த விஷயத்தில் உங்கள் மேல் மட்டும் எனக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. அவரிடம் நாங்கள் பட்ட கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கிற வாய்ப்பை நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள் என்பதுதான் என் குறை.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். ரவீந்திர ஜடேஜாவை ஒரு நாள் சேப்பாக்கத்துக்கு அழையுங்கள். எங்கள் முன்னால் நிற்க வையுங்கள். அவர் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லட்டும், நாங்கள் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

இந்த மண்ணில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கூட ‘வரேன்’ என்றுதான் சொல்வார். வேலை மாற்றலாகிப் போகிற வாத்தியாருக்கு ஒரு மாலையும் ஒரு குத்துவிளக்கும் கொடுத்து பஸ் ஸ்டாண்டு வரை வந்து அனுப்பிவைக்கிற ஊர் இது. 12 சீசன் ஆடியவருக்கு இணையத்தில் ஒரு நன்றிப் பதிவும் வீடியோவும் போட்டீர்கள். பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் போனில் அதெல்லாம் வராது.

உங்கள் தரப்பும் எனக்குப் புரிகிறது. 2025-ல் முதல்முறையாகக் கடைசி இடம். மேல்வரிசையில் நல்ல இந்திய பேட்ஸ்மேன் தேவை, அப்படிப்பட்டவர்கள் ஏலத்துக்கு அதிகம் வருவதில்லை என்றீர்கள். ஜடேஜாவோடு பேசி, அவர் சம்மதத்தோடுதான் இந்த முடிவை எடுத்தோம், இது மிகக் கடினமான முடிவு என்றும் சொன்னீர்கள். நம்புகிறேன். சஞ்சு சாம்சன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் நல்ல ஆட்டக்காரர், சேப்பாக்கத்தில் அவருக்கும் சத்தம் போடுவோம். அணியை எப்படிக் கட்டவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை.

ஆனால் 2025 டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்காக அதுவரை ஆடாத இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து வாங்கினீர்கள். அந்தப் பையன்கள் மேல் தப்பில்லை, அவர்கள் நன்றாக வரட்டும். அதில் பிரசாந்த் வீர் இடதுகை சுழல் போட்டு பேட்டும் பிடிக்கிறவர். யாருடைய இடத்துக்கு என்று சொல்லத் தேவையில்லை. அன்று ராத்திரி அந்தத் தொகையையும் ஜடேஜாவுக்குக் குறைத்து வைத்த 14 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தொண்டையை அடைத்தது. பிராவோவையே தாண்டி உங்கள் அணிக்காக அதிக விக்கெட் எடுத்தவர், 2018, 2021, 2023 என்று மூன்று கோப்பையில் பங்கு உள்ளவர், அன்றைய விலையில் அதுவரை தொடங்காத ஒரு பையனை விட 20 லட்சம் குறைவு. சந்தை அப்படித்தான் என்பீர்கள். எங்கள் தாத்தா ஊரில் மாட்டுச் சந்தை உண்டு. அங்கேகூட வளர்த்தவர் மாட்டின் முதுகை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கயிற்றைக் கைமாற்றுவார். ஒரு மனிதரை மாட்டோடு சேர்த்துப் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் ‘ஏலம்’, ‘விடுவிப்பு’, ‘தக்கவைப்பு’ என்ற சொற்களை நாங்கள் கொண்டுவரவில்லை.

ரெய்னாவுக்கும் இதுதான் நடந்தது. 2008-லிருந்து இருந்தவர், ‘சின்ன தல’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆள். 2022 பிப்ரவரி ஏலத்தில் அவர் பெயரைச் சொன்னார்கள், எந்த மேசையிலும் கை உயரவில்லை, உங்கள் மேசையிலும்தான். அந்த செப்டம்பரில் ஓய்வு என்று அறிவித்துவிட்டார். அவர் சேப்பாக்கத்தில் கடைசியாக மஞ்சள் சட்டையில் ஆடியபோது அதுதான் கடைசி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றே யாராவது எழுதியிருக்க வேண்டும். நானும் எழுதவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும்.

ஜடேஜாவுக்கும் இந்த மைதானத்துக்கும் நடுவில் நடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வருடத் தடை முடிந்து 2018 ஏப்ரல் 10 அன்று அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தது. காவிரிக்காக ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் கேலரியிலிருந்து பறந்த செருப்பு, பவுண்டரி ஓரம் அவர் நின்ற பக்கம்தான் போய் விழுந்தது. 2022-ல் சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கேப்டன் ஆக்கினீர்கள். எட்டு ஆட்டத்தில் பொறுப்பு கைமாறியது. அடுத்து காயம், வெளியே. அத்தோடு போய்விடுவார் என்று எல்லோரும் பேசினார்கள். திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்த சீசனில்தான் நாங்கள் அவர் அவுட் ஆனதற்குக் கத்தினோம்.

எல்லாவற்றையும் அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு 2024 ஏப்ரல் 8 போதும். கொல்கத்தாவோடு ஆட்டம். முதல் பந்திலேயே சால்ட்டின் கேட்சைப் பிடித்தார், 18 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். ஜெயிக்க மூன்றே ரன் இருக்கும்போது ஒரு விக்கெட் விழுந்தது. கூட்டம் தோனி தோனி என்கிறது. ஜடேஜா ஹெல்மெட்டும் பேட்டுமாக நாலு எட்டு இறங்கி வந்தார். மைதானம் ஒரு நொடி அடங்கியது. அவர் அப்படியே திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போக, பின்னாலிருந்து தோனி வந்தார். எங்களிடம் அவர் விளையாடிய விளையாட்டு அது. எந்தச் சத்தம் அவருக்கு வலித்திருக்குமோ அதையே எடுத்து எங்களைச் சிரிக்கவைத்தார். அன்றைக்குத்தான் நீங்களும் ‘கிரிக்கெட் தளபதி’ என்று அவருக்குப் பட்டம் கொடுத்தீர்கள். பட்டம் கொடுத்தவர்களே, வழியனுப்பவும் வாருங்கள்.

இது உங்களால் முடியாத காரியம் இல்லை. 2018-ல் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது ரசிகர்களைத் தனி ரயிலில் ஏற்றி அழைத்துப்போனவர்கள் நீங்கள். 2019-ல் பயிற்சி ஆட்டத்துக்குக் கேலரியைத் திறந்துவிட்டபோது ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தோம். அது போதும். ராஜஸ்தான் அணி சேப்பாக்கத்துக்கு ஆட வருகிற நாளில், டாஸுக்கு முன்னால் பத்தே நிமிடம். ராஜஸ்தான் இந்த சீசனில் இங்கே வராது என்றால் அடுத்த சீசனில். அதுவும் சரிப்படாது என்றால், சீசன் இல்லாத ஒரு சாயங்காலம், அவருக்கு வசதியான தேதியில். பாட்டு வேண்டாம், வாணவேடிக்கை வேண்டாம், மேடை வேண்டாம். அவர் 8-ஆம் எண் சட்டையோடு ஒரு சுற்று நடந்து வரட்டும். அந்த எண்ணை இனி யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் இன்னும் சந்தோஷம். அது உங்கள் விருப்பம், அதற்காக நான் வற்புறுத்தவில்லை. வழியனுப்புதலுக்காக மட்டும் வற்புறுத்துகிறேன்.

ஜடேஜாவை ஒரு நாள் அழையுங்கள். தயவுசெய்து.

தேதி முடிவானால் ஒரு வாரம் முன்னதாக அறிவியுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கேலரிப் படி ஏற முடியாது என்று இதுவரை ஒருமுறைகூட மைதானத்துக்கு வரவில்லை. அன்றைக்கு மட்டும் எப்படியாவது ஏறிவிடுவேன் என்கிறார். முடியாமல் போனாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை வருகிற சத்தம் யாருக்கானது என்று அவருக்குச் சந்தேகமே வரக்கூடாது.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு ரசிகன்