வெண்டல் பெர்ரியைச் சாமியாராக்க வேண்டாம்

மொழிபெயர்ப்பு நூல்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ நம் இயற்கை வேளாண்மைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த புத்தகம். 1978-இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர் வெண்டல் பெர்ரி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கவிஞர், கட்டுரையாளர், விவசாயி. அவரைத் தமிழுக்குக் கொண்டுவருவதென்றால் முழுசாகக் கொண்டுவாருங்கள்.

சாமியாராக்க வசதியான ஆள்தான். 1934-இல் பிறந்தவர். நியூயார்க்கில் பல்கலைக்கழக வேலையை விட்டு 1964-இல் ஊர் திரும்பினார். போர்ட் ராயல் அருகே ஆற்றங்கரையில் நிலம் வாங்கிக் குதிரை பூட்டி உழுதார். நிலக்கரிக்காக மலையுச்சிகளைத் தகர்ப்பதை எதிர்த்து, 2011-இல் எழுபத்தாறு வயதில், ஆளுநர் அலுவலகத்தில் மற்றவர்களோடு நான்கு நாள் உட்கார்ந்தார். அட்டைப்படத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் 1970-இல் ‘மறைந்த காயம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். தன் முன்னோர் அடிமைகளை வைத்திருந்ததைச் சொல்லி, அந்த நோய் தன்னுள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிறார். பண்ணையாள் முறையைப் பார்த்த நமக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பேன்.

புகையிலை விஷயமும் உண்டு. அது உடம்புக்குக் கேடு என்பதை மறுக்காமலே, அதை நம்பிப் பிழைத்த சிறு விவசாயிகளுக்காக வாதாடினார். எனக்கு அந்த வாதம் முழுக்க ஒப்பவில்லை, இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

1987-இல் கணினி வாங்க மாட்டேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். தான் கையால் எழுதுவதை மனைவி டான்யா, 1956-இல் வாங்கிய ராயல் தட்டச்சுப்பொறியில் அடித்துத் தருகிறார் என்றார். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள்: மனைவிதான் உங்கள் கணினியா? அவர் சூடாகவே பதில் சொன்னார். பின்னர் கட்டுரையை நூலாக்கியபோது அந்தக் கடிதங்களையும் சேர்த்தே அச்சிட்டார். பக்கம் கூடுகிறதென்று நீங்கள் அவற்றை வெட்டிவிடக் கூடாது.

கவிதைகளைப் பற்றி ஒன்று. 1979 முதல் ஞாயிற்றுக்கிழமை நடைகளில் பிறந்த ஓய்வுநாள் கவிதைகளில் பலவும் சந்தமும் இயைபும் கொண்டவை. வசனத்தை மடித்துப்போட்டால் வராது. யாப்பறிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்