பக்கம் 9

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கோமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை 140-க்குள் நிற்கிறது. என் முழங்கால்தான் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. உன் நலம் அறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நீ போன் பண்ணி 23 நாள் ஆகிறது, அதனால் இந்தத் தடவை அந்த வரியை நிஜமாகவே எழுதுகிறேன்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப் கிடைத்தது. 'அப்பா, பாத்துட்டுச் சொல்லுங்க' என்று ஒரே வரி. தெற்கு பஜாரில் கொடுத்து 11 பக்கமும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து பென்சிலோடு உட்கார்ந்துவிட்டேன். கென்யா, தான்சானியா, உகாண்டா, கடைசியில் ருவாண்டாவின் கிகாலியிலிருந்து விமானம். 16 நாள், 4 நாடு. பெருமையாகத்தான் இருந்தது. 1993-ல் உகாண்டாவின் கம்பாலாவுக்குப் புறப்பட்ட அன்று பம்பாய் ஏர்போர்ட்டில் எந்தக் கதவு என்று தெரியாமல் ரெண்டு மணி நேரம் நின்றவன் நான். எதிர்வீட்டு சாரிடம் காட்டினேன். 'உங்க பொண்ணாச்சே' என்றார். 11 வருஷம் அங்கே இருந்தும் நான் பார்த்த மிருகமெல்லாம் என்டெபே மிருகக்காட்சிசாலையில்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் விஷயம், ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயா? கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அதற்குக் கொடுக்கிற மஞ்சள் அட்டை செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதே. அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விட மாட்டார்கள். திரும்பி வரும்போது நம் ஆட்களும் கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் தனியாக அடைத்து வைப்பார்கள். பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள். மலேரியா மாத்திரை வேறு, இது வேறு. இரண்டும் வேண்டும்.

அடுத்து, தான்சானியாவை நடுவில் வைத்திருக்கிறாய். அதை முதலில் வை. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் 90 நாள் விசா ஒன்று உண்டு, தான்சானியா அந்தக் கூட்டில் சேரவில்லை. நடுவில் அங்கே போய்த் திரும்பினால் வீண் வம்பு. இன்னொன்று, கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும் வரைபடத்தில் ஒரே காடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீயும் பக்கம் 4-ல் 'அரை நாள் பயணம்' என்று போட்டிருக்கிறாய். அந்த எல்லையில் டூரிஸ்ட் தாண்ட வழி கிடையாது. மேற்கே சுற்றி இசெபானியா சாவடி வழியாகத்தான் போகணும், பகல் முழுக்க ஓடிவிடும். வில்டபீஸ்ட் மான் மட்டும்தான் பாஸ்போர்ட் இல்லாமல் ஆற்றைத் தாண்டலாம். அதையும் முதலை பார்த்துக்கொண்டிருக்கும்.

கொரில்லாவுக்கு உகாண்டாவைத் தேர்ந்தெடுத்தது சரி. ருவாண்டாவில் ஒரு பெர்மிட் 1500 டாலர். 2017-ல் 750-ஐ ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். உகாண்டாவில் 800. ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு அதுவே அதிகம் என்பாள் அம்மா, அவளிடம் ரூபாயில் சொல்லவில்லை. மலைக் கொரில்லா உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது, 2018-ல் எண்ணி 2019-ல் வெளியிட்ட கணக்கில் 1,063. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உகாண்டாவின் பிவிண்டி காட்டில். மிச்சம் எரிமலைப் பக்கம். ஒரு கூட்டத்தை ஒரு நாளைக்கு 8 பேர்தான் பார்க்கலாம். அதற்கு அந்தக் காசு கேட்காமல் என்ன செய்வான்? ஆனால் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பட்வா ஜனங்களை, 1991-ல் பூங்கா ஆக்கியபோது வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் காபாலே ஊர்க்காரர் ஒருவர் டிரைவராக இருந்தார் என்று சொல்வேனே, அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிவிடுவார்.

பெர்மிட்டில் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் இருக்கும், ஆள் மாற்ற முடியாது. அதனால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். உன் பெயர் சரி. நம்பர் சரி. ஒரு பெர்மிட்தான் போட்டிருக்கிறது. இன்னொன்று தனி பிடிஎஃப்பாக வருமோ என்னவோ. பக்கம் 9-ல் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்று ஒரு தொகை இருக்கிறது. இரண்டு பேர் தங்குகிற அறையில் ஒரு ஆள் தங்கினால் அதற்கு வாங்குகிற கூடுதல். ஏஜென்ட் கணக்கில் தப்பு விட்டிருப்பான். அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நீ பார்த்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். அம்மாவிடம் அவரும் வருகிறார் என்றே சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள். கறிவேப்பிலைப் பொடி தனியாக.

பிளாஸ்டிக் பையில் கட்டாதே என்று அவளிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். ருவாண்டாவில் 2008-லேயே தடை, கென்யாவில் 2017, தான்சானியாவில் 2019. ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். துணிப்பை தைத்திருக்கிறாள், பழைய பச்சைப் பாவாடைத் துணியில். சின்ன விமானத்தில் 15 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டான், அதுவும் மெத்தென்ற பையாக இருக்கணும், உருட்டுகிற பெட்டி ஆகாது.

செரங்கெட்டியில் நீலம், கறுப்பு போடாதே. ட்செட்ஸி ஈ அந்த நிறத்துக்குத்தான் வரும், சட்டைக்கு மேலேயே கடிக்கும். அதைப் பிடிக்க அங்கே மரத்தில் நீலமும் கறுப்புமாகத் துணி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கருநீலச் சுடிதாரை வைத்துவிட்டுப் போ. தீபாவளிக்கு மாப்பிள்ளை எடுத்துக்கொடுத்ததுதானே அது. இப்போதும் போடுகிறாயா?

பிவிண்டியில் மலை செங்குத்து, வழி கிடையாது, முன்னால் ஒருவன் அரிவாளால் வெட்டிக்கொண்டே போவான். காஞ்சொறி ஆளுயரத்துக்கு நிற்குமாம். தோட்ட வேலைக்குப் போடுகிற கையுறை வாங்கிக்கொள். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிவிடு, எறும்பு ஏறும். பை தூக்க உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக்கொள், காசு பார்க்காதே. சளி பிடித்திருந்தால் மறைக்காதே. லேசாக இருந்தாலும் சொல்லிவிடு. நம் சளி கொரில்லாவுக்கு எமன். 800 டாலர் போகிறதே என்று மாத்திரை போட்டு இருமலை அமுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு என்பார் அந்த டிரைவர். எதையும் மறைத்துக்கொண்டு மலை ஏறாதே.

ஊசி போட்டாயா என்று கேட்டேனா? கேட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, அன்று எழும்பூரிலேயே இட்லி வாங்கிக்கொடுத்து, ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து ஏற்றிவிட்டாய். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது என்றாய். சொட்டு மருந்து விட்டிருந்ததால் உன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குரல் தெரிந்தது. பெயின்ட் நன்றாக வந்திருக்கிறதா? என்ன கலர்? பெற்றவர்கள் வந்தால் ஒரு ராத்திரி தங்க வைக்க முடியாத அளவுக்கு என்ன பெயின்ட் என்று அன்றைக்கு வண்டியில் எனக்குக் கோபம்தான். மதுரை வரும்போது கோபம் போய்விட்டது. விடிந்து வீட்டுக்குள் நுழைந்தவனிடம் அம்மா கேட்டாள், 'புள்ள எளச்சிருக்காளா?' இல்லை என்றேன்.

நேற்று என் பழைய மஞ்சள் அட்டையைத் தேடிப் பீரோவைக் குடைந்தேன், உனக்கு மாதிரி காட்டலாமே என்று. அம்மாவின் ரேஷன் கார்டு உறைக்குள் அது இருந்தது. கூடவே ஒரு பேப்பர் துண்டு, பின் துருப்பிடித்து. கம்பாலா பேப்பர், மார்ச் 1999.

அந்த வருஷம் மே லீவுக்கு நீயும் அம்மாவும் வருவதாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து கொரில்லா வரைந்து அனுப்பினாய், வாலோடு. கொரில்லாவுக்கு வால் கிடையாது என்று பதில் எழுதினேன். உனக்குப் பத்து வயது. 15 வயதுக்குக் கீழே காட்டுக்குள் விடவே மாட்டார்கள் என்பதுகூடத் தெரியாமல் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். பிறகு மார்ச் 1-ஆம் தேதி, பிவிண்டியில் பூஹோமா முகாமிலிருந்து கொரில்லா பார்க்க வந்த வெள்ளைக்காரர்களைப் பிடித்துக்கொண்டுபோய், 8 பேரைக் கொன்றுவிட்டார்கள், காங்கோ பக்கமிருந்து வந்த ருவாண்டா கலகக்காரர்கள். அதனால் வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இதுதானே நம் வீட்டுக் கதை. உன் கல்யாணத்தில்கூட சம்பந்தி வீட்டாரிடம் நானே சொன்னேன்.

கோமதி, கொலை நிஜம். காரணம் அது இல்லை.

எனக்கு வேலை போனது அதற்கு முந்தைய நவம்பரில். ஒரு திங்கட்கிழமை போனேன், கம்பெனி வாசலில் வேறு பூட்டு தொங்கியது. 4 மாசச் சம்பளம் வரவேயில்லை. வாடகை கொடுக்க முடியாமல், இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு குஜராத்திக்காரரின் சரக்கு அறையில் படுத்துக்கொண்டேன். சுற்றிலும் சலவை சோப்புப் பெட்டிகள். சட்டை, தலையணை, சோறு எல்லாம் அந்த வாசம்தான். இன்றைக்கும் அம்மா துணி துவைக்கும்போது நான் ஏன் தெருவுக்குப் போய்விடுகிறேன் என்று அவளுக்குப் புரியாது. பகலில் வேலை தேடி நடப்பேன், ராத்திரி ஓவினோ சந்தையில் மூன்று கடைக்குக் கணக்கு எழுதுவேன். வேகவைத்த மத்தோகே வாழைக்காயும் நீங்கள் அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயும். சுவரில் ஒரு காலண்டர், குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய்க் கொரில்லா. அதைப் பார்த்தபடி உங்களுக்கு எழுதுவேன், 'இங்கு நலம், ஆபீஸில் ஆடிட் மும்முரம்.' டிக்கெட் எப்போது அனுப்புவீர்கள் என்று அம்மா ஒவ்வொரு லெட்டரிலும் கேட்டாள்.

அந்தச் செய்தி வந்த அன்று பேப்பரை நின்றபடியே படித்தேன். பாவமே என்று நினைப்பதற்கு முன்னால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி டிக்கெட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். 8 பேர் வீட்டில் எழவு விழுந்திருக்கிறது, நான் அந்தத் துண்டைக் கத்தரித்து, வவுச்சர் இணைக்கிற மாதிரி பின் அடித்து, 'உங்கள் பாதுகாப்பே முக்கியம்' என்று எழுதி உறையில் போட்டேன். கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா அன்றைக்கு.

வளையல் விஷயமும் அந்த வருஷம்தான். இப்போது உனக்குப் புரியும்.

ஆகஸ்ட்டில் வேறு வேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அல்லது தெரிந்து கேட்காமல் இருக்கிறாள். அந்தத் துண்டை ரேஷன் கார்டோடு சேர்த்து 27 வருஷம் ஏன் வைத்திருக்கிறாள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். தனியாக ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு நலம் நலம் என்று எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன். அவளிடம் நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன், ஒரு நாள்.

டாலர் நோட்டு 2009-க்கு முந்தியதாக இருந்தால் அங்கே வாங்க மாட்டார்கள். கசங்கல், கிழிசல், பேனாக் கிறுக்கல் எதுவும் இருக்கக் கூடாது. மாற்றும்போதே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்கு. என்டெபேயிலிருந்து பிவிண்டிக்கு ரோட்டில் 9, 10 மணி நேரம். அதனால் நடுவில் கிபாலே காட்டில் சிம்பன்சிக்காக இரண்டு ராத்திரி போட்டிருப்பது நல்ல யோசனை. அதற்குத் தனி பெர்மிட், 250 டாலர். அதிலும் ஒன்றுதான் போட்டிருக்கிறது. ஓட்டலில் சண்டை போடாதே, யாரையும் சத்தமாகக் கூப்பிடாதே. கம்பாலா பக்கம் பெண்களை 'ன்யாபோ' என்பார்கள், நாம் அம்மா என்கிற மாதிரி. அப்படி யாராவது கூப்பிட்டால் பயப்படாதே.

என் மஞ்சள் அட்டை 2001-ல் போட்டது. அதில் 10 வருஷம் என்றுதான் அச்சடித்திருக்கிறது. 2016-லிருந்து பழைய அட்டைக்கும் ஆயுசு முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். முழங்கால் முடியாதவர்களை அங்கே நாலைந்து ஆள் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஏறுவார்களாம், சபரிமலை டோலி மாதிரி. 'ஹெலிகாப்டர்' என்று கேலியாகப் பெயர். சும்மா எழுதினேன்.

அம்மா பொடியை ஆற வைத்திருக்கிறாள். நாளை மறுநாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் புறப்படுகிறேன், நான் மட்டும். எழும்பூருக்கு நீ வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். அட்ரஸ் மட்டும் அனுப்பு. நீ இப்போது இருக்கிற வீட்டு அட்ரஸ்.

அப்பா